பல் எண்ணாமல் பேண்ட்சா பிளேடு வாங்காதீர்கள்

வீட்டில் சின்னதாக ஒர்க்‌ஷாப் வைத்து பேண்ட்சா (இரண்டு சக்கரத்தின் மேல் வளையமாகச் சுற்றும் பட்டை ரம்ப மெஷின்) ஓட்டுகிறவர்கள், அடுத்த பிளேடு வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 3,700 ரூபாயும், தாத்தா வீட்டு உத்தரத்தில் ஒரு நல்ல துண்டும் போயிற்று.

பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு அது. ஐந்தரை அங்குல உயரத்தில் நிறுத்தி, 6 மில்லிமீட்டர் பலகைகளாக அறுத்து, பூஜை அலமாரிக்குக் கதவு செய்ய ஆசை. என்னுடையது 14 அங்குலச் சக்கரம் உள்ள மெஷின். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா உண்டு, சாதா கார்பன் ஸ்டீல் பல்லைச் சீக்கிரம் மழுக்கிவிடும். அதனால் அரை அங்குல அகலம், அங்குலத்துக்கு மூன்று பல், பைமெட்டல் (பல் நுனிக்கு மட்டும் வேறு கடினமான ஸ்டீல் வைத்தது) வேண்டும் என்று கோவையில் ஒரு கடையில் கேட்டேன்.

கடைக்காரர் ஆறு பல் பிளேடை எடுத்துப் போட்டார். “மூணு பல்லெல்லாம் மில்லுக்குங்க சார். பல்லு கூட இருந்தாத்தான் ஃபினிஷ் ஸ்மூத்தா வரும். இதும் பைமெட்டல்தான்.” கேட்க நியாயமாகத்தான் இருந்தது. நானும் தலையாட்டினேன். ஒன்று 1,850 வீதம் இரண்டு. பில் கேட்டதற்கு, “பில் போட்டா ஜிஎஸ்டி சேருமே சார்” என்றார். அங்கேயும் தலையாட்டினேன்.

முதல் அறுப்பிலேயே கருகல் வாடை. பலகையை எடுத்து வெர்னியர் வைத்துப் பார்த்தால் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் 6 மில்லி, நடுவில் 3. பிளேடு உள்ளே வில்லாக வளைந்து ஓடியிருக்கிறது. என் செட்டிங்தான் தப்போ என்று இரண்டு சாயங்காலம் டென்ஷனை ஏற்றினேன், பிளேடு விலகாமல் பிடிக்கும் கைடு பேரிங்கை மாற்றி மாற்றி நெருக்கினேன், மரத்தை ஒட்டித் தள்ளும் ஃபென்ஸைத் திருப்பினேன். ஒன்றும் ஆகவில்லை.

ஆகாதுதான். ஐந்தரை அங்குல மரத்துக்குள் ஆறு பல் பிளேடில் ஒரே நேரத்தில் 33 பல் நிற்கும். பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே இருக்கும் பள்ளமோ சின்னது. மரத்தூள் கீழே இறங்கி வெளியே வருவதற்குள் பள்ளம் நிரம்பிவிடுகிறது. அப்புறம் பல் வெட்டுவதில்லை, தேய்க்கிறது. சூடேறி, போகிற போக்கில் போகிறது. மூன்று பல் என்றால் 16, 17தான் மரத்துக்குள் இருக்கும். பள்ளமும் பெரிது. பல் கூடினால் வழவழப்பு என்பது மெல்லிய பலகைக்குச் சரி. உயரமான மரத்துக்குச் சொன்னால் நம்பாதீர்கள்.

இன்னொன்று, ஓடும்போது பின்னாலிருந்து ‘டக் டக்’ என்று ஒரு சத்தம். நிறுத்திவிட்டு, பட்டையை வளையமாகச் சேர்த்த வெல்ட் பக்கம் பிளேடின் முதுகில் நகத்தை ஓட்டினேன். படி மாதிரி தட்டியது. இரண்டு முனையையும் நேராகப் பிடிக்காமலே ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் அதே இடத்தில் பட்டாசு வெடித்த மாதிரி அறுந்தது. மெஷின் கதவு மூடியிருந்ததால் பிழைத்தேன்.

அறுந்த துண்டை எடுத்துக்கொண்டு போனேன். “மரத்துல ஆணி கீணி இருந்திருக்குங்க சார்.” நான் காந்தம் வைத்துத் தடவிவிட்டுத்தான் அறுத்தேன் என்றேன். “அப்ப உங்க மெஷின் அலைன்மென்ட்.” வெல்டுக்கு கேரண்டி கிடையாதாம். பிரிக்காத இரண்டாவது பிளேடையாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்றால், பில் எங்கே என்று கேட்டார், சிரிக்காமல்.

எரிச்சலில் வீட்டுக்கு வந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அந்தத் துண்டின் பல் நுனியை கிரைண்டரில் லேசாகத் தொட்டேன். பைமெட்டலிலும் முதுகு ஸ்பிரிங் ஸ்டீல்தான். பல் நுனியில் மட்டும்தான் ஹைஸ்பீட் ஸ்டீல் இருக்கும். அதனால் நுனியைத்தான் பார்க்க வேண்டும். மத்தாப்பு மாதிரி வெள்ளையாகப் பூப்பூவாய் வெடித்தது பொறி. பக்கத்திலிருந்த பழைய ஹைஸ்பீட் டிரில் பிட்டைத் தொட்டால், மங்கிய சிவப்பில் வெடிக்காத பொறி. அப்போ பைமெட்டலும் பொய். கார்பன் ஸ்டீலுக்குத்தான் அந்த விலை கொடுத்திருக்கிறேன்.

நுகர்வோர் உதவி எண் 1915-ஐக் கூப்பிடச் சொன்னார் ஒரு நண்பர். கையில் இருப்பது ஜிபே ஸ்க்ரீன்ஷாட் மட்டும். என்ன பிளேடு, என்ன சொல்லி விற்றார் என்று அதில் எங்கே இருக்கிறது? பில்லில் பிளேடின் நீளம், அகலம், பல், ‘பைமெட்டல்’ என்ற வார்த்தை எல்லாம் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி கட்டினால் கட்டிவிட்டுப் போகிறது. கடையிலேயே ஸ்கேல் வைத்துப் பல்லை எண்ணுங்கள், வெல்டின் முதுகை நகத்தால் தடவுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பிறகு வேறு இடத்தில் மூன்று பல் பிளேடு வாங்கினேன். அதே உத்தரம், அதே மெஷின். பலகை மேலிருந்து கீழ்வரை ஒரே கனம். ரம்பக்கோடு தெரியத்தான் செய்கிறது, இழைப்புளியை இரண்டு முறை ஓட்டினால் போய்விடும். அலமாரிக்கு ஒரு கதவுதான் தேறியது. இன்னொன்றுக்கு வேறு மரம் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கடைக்காரர் என் மெசேஜுக்கு இன்னும் பதில் போடவில்லை. காலை வணக்கம் படம் மட்டும் தினமும் வருகிறது.