பல் சீழுக்கு அமாக்சிசிலின்: ஒரு மதிப்பீடு

சொத்தை முற்றி, பல்லின் வேர்முனையில் சீழ் கோத்துத் தாடை வீங்கும்போது, பெனிசிலின் ஒவ்வாமை இல்லாதவர்களுக்குப் பல் மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதித் தரும் ஆன்டிபயாடிக் அமாக்சிசிலின். அந்த முதலிடத்துக்கு அது தகுதியானதே என்பது என் மதிப்பீடு. ஆனால் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாததை எதிர்பார்த்து விழுங்குகிறவர்களை எண்ணிக் கவலைப்படுகிறேன்.

பல் சீழில் ஒரே வகைக் கிருமி இருப்பது அரிது. ஆக்சிஜன் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகைகளும், ஆக்சிஜன் இல்லாத இடத்தில் பெருகும் பிரிவோடெல்லா, ஃபியூசோபாக்டீரியம் போன்றவையும் அதில் கலந்திருக்கும். பாக்டீரியாவின் செல்சுவர் உருவாவதைத் தடுத்துக் கொல்லும் அமாக்சிசிலின் இவற்றில் பெரும்பாலானவற்றை அடக்குகிறது. பழைய பெனிசிலின் வி மாத்திரையைவிடக் குடலில் நன்றாக உறிஞ்சப்படுவதும் அதன் சிறப்பு. பிரிவோடெல்லாவிடம்தான் அது தடுமாறுகிறது. அவ்வினத்தின் பல திரிபுகள் பீட்டா-லாக்டமேஸ் என்னும் நொதியைச் சுரந்து மருந்தையே சிதைத்துவிடுகின்றன. அந்த நொதியை முடக்கும் கிளாவுலானிக் அமிலம் சேர்ந்த மாத்திரை அப்போது கைகொடுக்கும், வயிற்றுப்போக்குக்கான வாய்ப்பு கூடும் என்றாலும்.

மெட்ரோனிடசோல் வேறு வகை ஆன்டிபயாடிக். யோனித் தொற்றுக்காக அதை உட்கொண்ட ஒரு பெண்ணின் ஈறுப் புண்ணும் சேர்ந்தே ஆறியதை 1962ஆம் ஆண்டில் மருத்துவ உலகம் அறிந்தது. ஆக்சிஜனை வெறுக்கும் கிருமிகள்மீது அதற்குள்ள வலிமை அப்படித்தான் தெரியவந்தது. ஆனால் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்மீது அது வேலை செய்யாது என்பதால், பல் சீழுக்கு அதை மட்டும் வாங்கிச் சாப்பிடுவதை நான் ஏற்கமாட்டேன். கிளிண்டாமைசின் என்னும் இன்னொரு ஆன்டிபயாடிக், கடுமையான குடல் அழற்சியைத் தூண்டக்கூடியது என்பதால், எச்சரிக்கையோடு கையாள வேண்டியது.

இம்மருந்துகள் அனைத்துக்கும் பொதுவான எல்லை ஒன்று உண்டு. இறந்துபோன பற்கூழுக்குள் (பல்லின் உள்ளே இருக்கும் மென்திசு) இரத்த ஓட்டம் இல்லாததால், வேர்க்குழாயில் படலமாக ஒட்டியிருக்கும் கிருமிகளை மருந்து போதிய அளவில் சென்றடைவதில்லை. வீக்கம் வடிந்தாலும் மூலம் அப்படியே இருக்கும். எனவேதான், அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், காய்ச்சலோ உடல்சோர்வோ இல்லாத பெரியவர்களின் பல்வலிக்கு, வேர் சிகிச்சையோ சீழை வடிப்பதோ உடனே கிடைக்குமானால் ஆன்டிபயாடிக் வேண்டாம் என்கிறது. தேவைப்படும் இடத்திலும் அது சொல்வது 500 மி.கி. அமாக்சிசிலின், நாளுக்கு மூன்று வேளை, 3 முதல் 7 நாள்கள் மட்டுமே. தாடைக்கு அடியில் வீக்கம் பரவினாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டாலோ மாத்திரையை நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.