மூன்று பேர் டிசைன் குழுவுக்குப் பென்பொட் போதுமா?

திருகோணமலையின் உப்புவெளி, நிலாவெளி விடுதிகளும் நகரத்துக் கடைகளும் இணையத்தள வேலையை வெளியே கொடுக்காமல் சொந்தக் குழுவை வைத்தே செய்வது சாத்தியந்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே கணினி விஞ்ஞானம் கற்பிக்கிறார்கள். ஒரு டிசைனர், ஒரு டெவலப்பர், மும்மொழி எழுத்துகளையும் பார்க்கப் பகுதிநேரமாக ஒருவர்: தொடங்க இது போதும். கையிலுள்ள காசு இவர்களின் சம்பளத்துக்குப் போக வேண்டும், டிசைன் மென்பொருளுக்கான டொலர் சந்தாவுக்கு அல்ல. 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர் சில வாரங்களில் 300ஐத் தாண்டியபோது, ஆள் கணக்கில் சந்தா கட்டியவர்களின் வரவுசெலவு என்னாகியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

பென்பொட் உலாவியில் ஓடும் திறந்தமூல டிசைன் மென்பொருள். பிரபல டிசைன் மென்பொருளான ஃபிக்மாவின் இலவசத் திட்டத்தில் குழுக் கோப்புகளுக்கு எல்லை உண்டு. டிசைனின் அளவுகளையும் கோடையும் டெவலப்பருக்குக் காட்டும் டெவ் மோட் 2024 முதல் கட்டணத்துக்குத்தான். பென்பொட்டில் அதற்கு ஈடான இன்ஸ்பெக்ட் பகுதி இலவசம், பக்கத்தின் தோற்றத்தைத் தீர்மானிக்கும் சிஎஸ்எஸ் கோட் அங்கேயே கிடைக்கும். 2024இல் வந்த 2.0 பதிப்பில் நிரைகளும் நிரல்களுமாக அடுக்கும் கிரிட் லேஅவுட்டும் சேர்ந்தது. டிசைனர் அடுக்கும் அறைப் படங்களும் விலைகளும் டெவலப்பர் எழுதப்போகும் கிரிட்டாகவே இருப்பதால், இருவருக்கும் இடையே விளக்கம் கேட்கும் நேரம் மிச்சம்.

பென்பொட்டின் சொந்தத் தளத்திலேயே கணக்குத் திறக்கலாம். அலுவலகக் கணினியில் வைக்க விரும்பினால் 4 ஜிபி ரேமும், பென்பொட்டின் பகுதிகளை ஒன்றாக நிறுவி ஓட்டும் டொக்கர் கொம்போஸ் கருவியும் வேண்டும். சறுக்கும் இடங்கள் இங்கேதான். சேர்வரின் முகவரியைச் சொல்லும் பப்ளிக் யூஆர்ஐ அமைப்பை லோக்கல்ஹோஸ்ட் (இதே கணினி) என்றே விட்டால், அழைப்பு இணைப்பு மற்றவர்களின் கணினியில் திறக்காது. சேர்வரின் நிலையான ஐபி முகவரியைக் கொடுங்கள். எச்ரிரிபிஎஸ் என்ற பாதுகாப்பான இணைப்பு இல்லாமல் ஓட்டும்போது, அதில் மட்டுமே செல்லும் செக்யூர் குக்கீயை நிறுத்தாவிட்டால் லொகின் நிலைக்காது. பென்பொட்டுக்கு முன்னால் கோரிக்கைகளை வாங்கி அனுப்பும் என்ஜினெக்ஸ் சேர்வரை வைத்தால், மாற்றங்களை உடனுக்குடன் கொண்டுசெல்லும் வெப்சொக்கெட் இணைப்பையும் அது கடத்த வேண்டும். இல்லையேல் ஒருவர் மாற்றியது மற்றவருக்கு உடனே தெரியாது. பெக்கப் எடுக்கும்போது போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தோடு படங்கள் இருக்கும் அசெட்ஸ் வொலியூமையும் சேர்த்து எடுங்கள். தரவுத்தளத்தை மட்டும் மீட்டால் கோப்பு திறக்கும், படங்கள் இருக்காது. பெக்கப்பைத் தவறாமல் பார்க்க ஆளில்லை என்றால் சொந்த சேர்வர் ஆசையை விட்டுவிடுவதே நல்லது.

சொந்த சேர்வரின் பெரிய நன்மை, வெளி இணைப்பு அறுந்தாலும் அலுவலக ரவுட்டர் வழியே வேலை நடப்பது. ஆனால் கூகிள் எழுத்துருக்கள் இணையத்திலிருந்து வருபவை. நோட்டோ சான்ஸ் தமிழின் சாதாரண, தடித்த கோப்புகள் இரண்டையும் முதலிலேயே குழு எழுத்துருவாக ஏற்றிவிடுங்கள்.

தமிழ் எழுத்தில் பென்பொட் குறை வைக்கவில்லை. குறை நாம் கொடுக்கும் கோப்பில்தான். அச்சகத்திலிருந்து வரும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சிட்ட விலைப்பட்டியலை அப்படியே ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகச் சிதறும். முதலில் யுனிகோடுக்கு மாற்றி, ஒருவர் கண்ணால் வாசித்துச் சரிபார்க்க வேண்டும். வரி உயரம் 1.5க்குக் குறைய வேண்டாம், எழுத்திடைவெளி 0இலேயே இருக்கட்டும். "முன்பதிவு செய்யுங்கள்" என்ற பொத்தானை ஆங்கிலச் சொல்லுக்கு அளந்த பெட்டிக்குள் திணிக்க முடியாது. அகலத்தை உள்ளடக்கத்துக்கு ஏற்ப விரியும்படி வைத்து, தமிழ்ப் பக்கத்தை முதலில் வரைந்தால் சிங்கள, ஆங்கிலப் பக்கங்களும் பெரும்பாலும் பொருந்தும்.

பலவீனமும் உண்டு. கனமான படங்கள் நிறைந்த பெரிய கோப்பு 8 ஜிபி மடிகணினியில் திணறும். கமராவிலிருந்து வந்த கடற்கரைப் படங்களை அப்படியே போடாமல், அகலம் 1600 பிக்சலுக்குச் சுருக்கிச் சேருங்கள். பக்கத்துக்கு ஒரு கோப்பும், நிறம், பொத்தான் போன்றவற்றுக்குப் பொது நூலகமும் வையுங்கள். ஃபிக்மா கோப்பு நேரடியாகத் திறக்காது. ஃபிக்மாவுக்குள் ஒரு பிளகின் வைத்து ஏற்றுமதி செய்ய வேண்டும், அதிலும் லேஅவுட் சில இடங்களில் குலையலாம். பழைய டிசைன் நிறைய இருப்பவர்கள் எல்லாவற்றையும் இழுத்து வராமல், அடுத்து மாற்றவிருக்கும் பக்கத்தைப் பென்பொட்டில் புதிதாக வரையலாம்.