இணையவழி நடிப்புப் பயிற்சி உறுப்பினர் சேவை: எதற்குப் பணம் கட்டலாம், எதை விட்டுவிடலாம்

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். அந்த மூன்றும் இந்தச் சேவையின் ஒரே ஒரு பகுதிக்குத்தான்: ஆடிஷனுக்காக நாமே எடுத்து அனுப்பும் வீடியோவான செல்ஃப் டேப்பை ஒரு பயிற்சியாளர் உட்கார்ந்து பார்த்து, எங்கே நடிப்பு நழுவுகிறது என்று நேரம் குறித்துச் சொல்லும் பகுதி. மற்றதை மட்டும் தனியாக எடைபோட்டால் ஒன்றரைகூடத் தேறாது. பெயரைப் போடவில்லை, ஏனென்றால் குறை சொல்லப் போவது நிறைய. அதோடு இதே அச்சில் வார்த்த சேவைகள் இணையத்தில் ஏராளமாக வந்துவிட்டன, விளம்பர வாசகம் முதற்கொண்டு ஒரே மாதிரி இருக்கிறது, அதனால் நீங்கள் சேரலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பது வேறொன்றாக இருந்தாலும் இதில் பாதிக்கு மேல் அதற்கும் பொருந்தும்.

உள்ளே என்ன இருக்கிறது என்றால், பதிவு செய்த பாடங்கள், வாராவாரம் ஒரு நேரலை வகுப்பு, செல்ஃப் டேப் திருத்தம், நம் படங்களும் விவரமும் போட்டுவைக்க ஒரு ப்ரொஃபைல் பக்கம், அப்புறம் நடிகர்கள் தேவை என்று வரும் காஸ்டிங் அழைப்புகளின் பட்டியல். கட்டணம் மூன்று அடுக்கு. கீழ் அடுக்கில் பாடங்கள் மட்டும், நடு அடுக்கில் வகுப்பும் திருத்தமும், மேல் அடுக்கில் ப்ரொஃபைலை "முன்னிறுத்துவது", வேலை வாங்கித் தரும் ஏஜென்ட் அறிமுகம் என்று மினுமினுப்பான சமாச்சாரங்கள். நான் நடுவில் தொடங்கி, கொஞ்ச காலம் மேல் அடுக்கையும் பார்த்துவிட்டு, திரும்ப நடுவுக்கே வந்தேன்.

பதிவு செய்த பாடங்கள் பரவாயில்லை ரகம். படப்பிடிப்பு பளிச்சென்று இருக்கிறது, பாடம் நடத்துபவர் நன்றாகப் பேசுகிறார். 1898-ல் மாஸ்கோ கலை அரங்கைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்டானிஸ்லாவ்ஸ்கியில் ஆரம்பித்து, அங்கிருந்து அமெரிக்காவுக்குத் தாவி, நடிப்பு ஆசிரியர்களான லீ ஸ்ட்ராஸ்பெர்க், ஸ்டெல்லா ஆட்லர், சான்ஃபோர்ட் மைஸ்னர் என்று ஒரு சுற்று வருகிறார். இதில் ஒரு இடம் எனக்குப் பிடித்தது. ஸ்ட்ராஸ்பெர்க், நடிகர் தன் சொந்த வாழ்க்கையின் உணர்ச்சி நினைவுகளைத் தோண்டி எடுக்க வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். ஆட்லர் 1934-ல் பாரிஸில் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையே நேரில் பார்த்துப் பயிற்சி எடுத்துவிட்டுத் திரும்பி வந்து, கதாபாத்திரம் இருக்கும் சூழ்நிலையும் நம் கற்பனையும்தான் முக்கியம் என்று வாதாடினார். இந்தச் சண்டை பழைய கதை இல்லை. அழுகை வர வேண்டிய காட்சியில் செத்துப்போன நாயை நினைத்துக்கொள்வதா, எதிரே நிற்பவர் சொல்லும் சொல்லைக் கேட்பதா என்று இன்றைக்கும் ஒவ்வொரு ஆடிஷனிலும் நமக்கு வரும் கேள்வி இதுதான். ஆனால் பாடம் அதைக் கேள்வியாக விடாமல், "எல்லா முறையும் நல்லதே, உங்களுக்குப் பொருந்துவதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்று தடவிக்கொடுத்துவிட்டு அடுத்த வீடியோவுக்குப் போய்விடுகிறது. புதிதாக வருபவருக்குத் தனக்குப் பொருந்துவது எது என்று எப்படித் தெரியும்?

நேரலை வகுப்பு, அன்றைக்கு யார் நடத்துகிறார் என்பதைப் பொறுத்தது. நல்ல ஆசிரியர் வந்தால் மைஸ்னரின் திரும்பச் சொல்லும் பயிற்சியைச் செய்யவைக்கிறார். இரண்டு பேர், ஒரே வாக்கியம். "நீ சட்டைப் பொத்தானைப் போடவில்லை." "நான் சட்டைப் பொத்தானைப் போடவில்லை." இப்படியே மாறி மாறி. வெளியே இருந்து பார்ப்பவருக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், செய்பவருக்கும் முதலில் அப்படித்தான். கொஞ்ச நேரத்தில் எதிரே இருப்பவர் குரலில் எரிச்சல் ஏறுவது காதில் விழுகிறது, நம் குரல் தானாக மாறுகிறது, அப்போதுதான் இதுவரை நாம் அவரைக் கேட்கவே இல்லை, நம் முறைக்காகக் காத்துக்கொண்டிருந்தோம் என்பது உறைக்கிறது. வீடியோ அழைப்பில் இது பாதிதான் வேலை செய்யும் என்பது வேறு விஷயம். ஒலி அரை நொடி தாமதமாக வந்தால் எரிச்சல் நடிப்பில் வந்ததா இணைப்பில் வந்ததா என்றே தெரியாது. சுமாரான ஆசிரியர் வந்தால் ஒரு மணி நேரமும் தன் அனுபவக் கதைதான். கேமராவை அணைத்துவிட்டுத் துணி மடிக்கலாம்.

இனி நான் பணம் கட்டிய காரணத்துக்கு வருகிறேன். 2020-ல் கொரோனா வந்து நேரில் ஆடிஷன் வைப்பது நின்றுபோன பிறகு, செல்ஃப் டேப் என்பது எங்கோ இருக்கும் நடிகருக்கான மாற்று ஏற்பாடு என்ற நிலை போய், பெரும்பாலான இடங்களில் முதல் கட்டமே அதுதான் என்றாகிவிட்டது. காட்சியின் பக்கங்கள் வரும், நாமே மனப்பாடம் செய்து, நாமே விளக்கு வைத்து, நாமே படம் எடுத்து அனுப்ப வேண்டும். பதில் வந்தால் உண்டு. வராவிட்டால் ஏன் வரவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், சொல்ல அவர்களுக்கு நேரமும் கிடையாது. நேரில் போனாலாவது "இன்னொரு முறை, கொஞ்சம் அடக்கமாகப் பண்ணுங்க" என்று ஒரு வார்த்தை கிடைக்கும், அதிலிருந்து ஏதாவது தெரிந்துகொள்ளலாம். டேப்பில் அது இல்லை. இந்த இடைவெளியில்தான் திருத்தச் சேவைக்கு மதிப்பு.

ஒரு உதாரணம். தம்பி வந்து பூர்வீக வீட்டை விற்றுவிட்டதாகச் சொல்கிறான், அக்காவுக்கு அது அந்த நொடியில்தான் தெரிகிறது, இதுதான் காட்சி. நான் அனுப்பிய டேப்புக்கு வந்த முதல் குறிப்பு: "பதினோராவது நொடியைப் பாருங்கள். தம்பி 'விற்றுட்டேன்' என்று சொல்வதற்கு முன்பே உங்கள் முகத்துக்குச் செய்தி தெரிந்துவிட்டது." ஓட்டிப் பார்த்தேன், அப்பட்டமாக இருந்தது. தம்பியின் வசனத்தைப் படித்துக்கொடுத்த ரீடர் வாயைத் திறக்கும்போதே புருவம் சுருங்கத் தயாராகிவிட்டது. அடுத்த குறிப்பு: "இரண்டாவது டேக்கில் கண்ணீர் வருகிறது, நல்ல கண்ணீர். ஆனால் இந்த அக்காவுக்கு இப்போது தம்பியிடமிருந்து என்ன வேண்டும்? பத்திரம் பதிந்தாகிவிட்டதா என்று தெரிய வேண்டாமா? தடுக்க வழியிருந்தால் தடுக்கப் பார்ப்பாளே, உட்கார்ந்து அழுவாளா?" பதிவு செய்த பாடத்தில் "குறிக்கோள்" என்று பலகையில் எழுதிக் காட்டியபோது தலையாட்டிவிட்டுப் போன விஷயம் இங்கேதான் உடம்பில் இறங்கியது. மூன்றாவது டேக்கில் அழவே இல்லை, கேள்வி மேல் கேள்வி கேட்டேன், கடைசிக் கேள்வியில் குரல் உடைந்தது, அது நான் திட்டமிட்டதும் இல்லை.

தொழில்நுட்பக் குறிப்புகளும் இதே தரம்தான். கேமரா கண் மட்டத்தில் இருக்கட்டும், மார்புக்கு மேல் ஃப்ரேம், கேமராவைப் படுக்கைவசமாக வைத்து எடுக்க வேண்டும், பின்னால் வெறும் சுவர் என்பதெல்லாம் எங்கும் கிடைக்கும் சமாச்சாரம். என் பயிற்சியாளர் சொன்னது அதற்கு மேலே. ரீடர் கேமராவுக்கு அருகில் நிற்பதால் அவர் குரல் மைக்கில் பெரிதாகவும் நம் குரல் சின்னதாகவும் விழுகிறது, அவரை ஒரு எட்டுப் பின்னால் நிற்கவைத்து, நம் பார்வை மட்டும் லென்ஸின் ஓரத்தை ஒட்டி இருக்கும்படி சுவரில் ஒரு துண்டு ஒட்டு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள் என்றார். காட்சியில் பேசப்படும் மூன்றாவது ஆளுக்கு லென்ஸின் மறுபக்கம் இன்னொரு துண்டு. ரிங் லைட்டைத் தூரத் தள்ளிவைக்கச் சொன்னார், கருவிழியில் வெள்ளை வளையம் தெரிந்தால் பார்ப்பவர் கவனம் அங்கே போய்விடுமாம். டேப் முடிந்ததும் ஓடிப்போய் கேமராவை அணைக்கும் கை ஃப்ரேமில் வருவதை வெட்டிவிடுங்கள் என்றார், அந்த ஒரு நொடியில் கதாபாத்திரம் செத்துப்போகிறது என்று.

குறை இல்லாமல் இல்லை. திருத்தம் வர சில நாள் பிடிக்கிறது, நிஜ ஆடிஷனுக்கோ பெரும்பாலும் ஒன்றிரண்டு நாள்தான் அவகாசம் தருவார்கள். அதனால் வரப்போகிற ஆடிஷனுக்கு இதை நம்ப முடியாது, பயிற்சிக்கு மட்டும்தான். பயிற்சியாளரை நாம் தேர்ந்தெடுக்கவும் முடியாது. எனக்கு வாய்த்தவர் நன்றாக இருந்தார், வகுப்பில் உடன் படித்த ஒருவருக்கு வந்ததோ "சூப்பர் எனர்ஜி, இன்னும் கொஞ்சம் உண்மையாக" என்று ஒரு வரி. இதை வைத்துக்கொண்டு ஒரு மனிதர் என்னதான் செய்வார்? இன்னொன்று, செட்டில் நடக்கும் வேலை எதுவும் இங்கே இல்லை. தரையில் ஒட்டிய மார்க்கில் குனிந்து பார்க்காமல் போய் நிற்பது, க்ளோஸப்பில் வசனத்தின் எந்தச் சொல்லில் டம்ளரைக் கையில் எடுத்தோமோ வைட் ஷாட்டிலும் அதே சொல்லில் எடுப்பது, அரை நாள் காத்திருந்துவிட்டு அழைத்தவுடன் காட்சிக்குள் போவது, இதையெல்லாம் மாணவர் குறும்படங்களில் நடித்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும். நம் நடிப்புத் துணுக்குகளைத் தொகுக்கும் ஷோரீலுக்குக் காட்சி கிடைப்பதும் அங்கேதான். ஸ்டூடியோவில் காசு கொடுத்து எடுத்த பொய்க் காட்சியைவிட, சுமாரான குறும்படத்தில் நிஜமாக நடித்த ஒரு நிமிடம் மேல்.

மேல் அடுக்கைப் பற்றிக் கோபமில்லாமல் எழுதப் பார்க்கிறேன். நடிகர்களின் படங்களைத் தொகுத்துக் காஸ்டிங் செய்பவர்களுக்குக் கொடுப்பது பழைய வழக்கம், பிரிட்டனில் ஸ்பாட்லைட் 1927-லேயே அதைப் புத்தகமாகப் போட ஆரம்பித்தது. நடிகர்கள் அதற்குக் கட்டணம் கட்டித்தான் இடம்பெறுகிறார்கள், அதில் தப்பில்லை, ஏனென்றால் காஸ்டிங் செய்பவர்கள் அதைத் திறந்து தேடுகிறார்கள். இங்கே கேட்க வேண்டிய கேள்வி அதுதான்: எதிர்ப்பக்கம் யாராவது தேடுகிறார்களா? நான் உதவிப் பிரிவுக்கு எழுதிக் கேட்டேன். "ஆயிரக்கணக்கான தொழில்முறையாளர்கள் எங்கள் தளத்தில்" என்று விளம்பர வரியையே பதிலாக அனுப்பினார்கள். காஸ்டிங் அழைப்புப் பட்டியலில் பாதி, வெளியே பொதுவில் இலவசமாகக் கிடைப்பதைத் திரட்டிப் போட்டது, அதிலும் சில தேதி முடிந்தவை.

ஏஜென்ட் அறிமுகம் என்பது ஒரு வீடியோ அழைப்பு. அன்பாகப் பேசினார்கள், என் தோற்றம் "மார்க்கெட்டுக்கு ஏற்றது" என்றார்கள், அப்புறம் அவர்கள் சொல்லும் புகைப்படக்காரரிடம் போர்ட்ஃபோலியோ எடுத்தால்தான் மேலே பேச முடியும் என்றார்கள். அந்த இடத்தில் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஏஜென்ட் சம்பாதிப்பது நமக்குக் கிடைக்கும் சம்பளத்தில் ஒரு பங்காக இருக்க வேண்டும், பல இடங்களில் அது பத்து சதவீதம். வேலை வாங்கித் தருவதற்கு முன்பே நம்மிடம் பணம் வாங்கினால், வேலை வாங்கித் தர அவருக்கு என்ன அவசரம்? கலிஃபோர்னியாவில் நடிகர்களிடம் இப்படி முன்பணம் வாங்குவதற்கு எதிராக 2009-ல் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள் என்றால், இது எவ்வளவு நாளாக நடக்கிற வியாபாரம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நியூயார்க்கின் நடிப்புப் பயிற்சிக் கூடமான ஆக்டர்ஸ் ஸ்டூடியோவை நினைத்துப் பார்க்கிறேன், 1947-ல் தொடங்கியது, அங்கே உறுப்பினராக ஆடிஷனில் தேற வேண்டும், தேறிவிட்டால் கட்டணம் கிடையாது. இந்தச் சேவையில் அப்படியே தலைகீழ், கட்டணம் கட்டினால் போதும், தேறுவதைப் பற்றிப் பேச்சே இல்லை.

புகைப்படம் வேண்டாம் என்று சொல்லவில்லை. முகம் தெளிவாகத் தெரியும் ஒரு நல்ல ஹெட்ஷாட் வேண்டும், அது இன்றைக்கு நீங்கள் இருப்பது போலவே இருக்க வேண்டும். மேல் அடுக்கோடு இலவசமாக வந்த ரீடச்சிங்கில் என் கண்ணுக்குக் கீழே இருந்த கோடுகளையெல்லாம் துடைத்துவிட்டார்கள். அந்தப் படத்தைப் பார்த்து யாராவது அழைத்தால், வந்து நிற்பது வேறொருத்தியாக இருக்கும். பழைய படத்தையே திரும்பப் போட்டுக்கொண்டேன்.

யாருக்கு இது ஆகும் என்றால், கொஞ்சமாவது மேடையிலோ குறும்படத்திலோ நடித்துவிட்டு, கேமரா முன்னால் என்ன தப்பாகிறது என்று தெரியாமல் இருப்பவர்களுக்கு. நடிப்பின் வாசலே மிதிக்காதவர்கள், பக்கத்தில் ஏதாவது நாடகக் குழு இருந்தால் முதலில் அங்கே போய்விடுங்கள், நாற்காலி தூக்கிப் போடும் வேலை கொடுத்தாலும் சரி. நிஜ ஆட்களோடு ஒரே அறையில் ஒத்திகை பார்ப்பதற்கு எந்த வீடியோ பாடமும் ஈடாகாது. சம்பளம் வரும் வேலையை விட்டுவிட்டு இதில் சேரலாமா என்று விமர்சனப் பகுதியில் ஒருவர் கேட்டிருந்தார். இந்தச் சேவையை நம்பி வேலையை விடாதீர்கள். பகலில் ஆடிஷனுக்குப் போக வர இடம்கொடுக்கும் ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு பல வருடம் ஓட்டியவர்கள்தான் இந்தத் தொழிலில் பெரும்பாலானவர்கள்.

சேருவதாக இருந்தால் நடு அடுக்கு மட்டும், அதுவும் மாதக் கட்டணத்தில். சேருவதற்கு முன்பே நான்கைந்து காட்சிகளை மனப்பாடம் செய்து தயாராக வைத்துக்கொண்டு, சேர்ந்த முதல் நாளிலிருந்தே டேப் அனுப்ப ஆரம்பித்துவிடுங்கள், இல்லையென்றால் பாடம் பார்ப்பதிலேயே மாதம் கழிந்துவிடும். திருத்தக் குறிப்புகளை உடனுக்குடன் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், உறுப்பினர் காலம் முடிந்ததும் அந்தப் பக்கம் பூட்டிக்கொள்கிறது. வகுப்பில் நன்றாகக் கேட்டுப் பேசுகிற ஒருவரைப் பிடித்து ரீடராக வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு அப்படி ஒருவர் கிடைத்தார், இப்போது இருவரும் மாறி மாறி ஒருவர் டேப்பை மற்றவர் பார்க்கிறோம், அவரும் நேரம் குறித்துத்தான் சொல்கிறார். கட்டணம் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும், நிறுத்தும் பொத்தான் ஆப்பில் இல்லை, கணினியில் இணையதளத்தைத் திறந்து பில்லிங் பக்கத்தின் அடிவரை போனால்தான் கண்ணில் படும்.