மூளை அறிவியலும் பள்ளிக் கொள்கையும்: ஓராண்டு ஃபெல்லோஷிப் பற்றிய மதிப்பீடு

கற்றலின் நரம்பியலில் ஆய்வு செய்தவர்களைக் கல்விக் கொள்கை வகுப்போருடன் ஓராண்டு பணியாற்ற வைக்கும் ஃபெல்லோஷிப் ஒன்றை, மதுரையில் இருந்தபடியே அண்மையில் முடித்தேன். விண்ணப்பிக்க எண்ணுவோருக்காக இதை எழுதுகிறேன்.

பயிற்சி வகுப்புகள் தரமானவை. நீண்ட ஆய்வுக் கட்டுரையை, அதிகாரி ஒருவர் 10 நிமிடத்தில் படித்து முடிவெடுக்கக்கூடிய இரண்டு பக்கக் குறிப்பாகச் சுருக்கும் பயிற்சியை வேறெங்கும் நான் பெற்றதில்லை. உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006-இல் வெளியிட்ட ஆய்வை எடுத்துக்கொண்டோம். ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள். ‘தேர்வுகளைக் கூட்ட வேண்டும்’ என்று நான் எழுதியதை வழிகாட்டி அடித்துவிட்டு, ‘மதிப்பெண் இல்லாத நினைவுகூரல்’ என்று திருத்தினார். முதல் சொல் இன்னொரு பருவத் தேர்வாகவும், இரண்டாவது சொல் பாடவேளையின் இறுதி ஐந்து நிமிடங்களாகவும் நடைமுறைக்கு வரும் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பெருங்குறை ஒன்று உண்டு. எங்களுக்குத் தரப்பட்ட சான்றுகளில் பெரும்பாலானவை ஆங்கிலம் படிக்கும் குழந்தைகளைப் பற்றியவை. உசிலம்பட்டிப் பக்கம் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில், இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ‘கொடி’ என்ற சொல்லைக் ‘கெ’ என்று தொடங்கி, விரல் துணைக்காலைத் தொட்டதும் நின்று, மறுபடியும் ஒற்றைக்கொம்புக்கே திரும்பி வந்தாள். ககரத்தின் இருபுறமும் குறிகள் நிற்க, அவை குறிக்கும் உயிரொலியோ ககரத்துக்குப் பின்னால்தான் வருகிறது. 26 எழுத்துகளுக்கு வகுத்த கால அளவை 247 எழுத்துகளுக்கு அப்படியே பொருத்த முடியாது. கன்னடக் குழந்தைகளிடம் ஆய்வாளர் சோனாலி நாக் செய்து 2007-இல் வெளியான ஆய்வும், எழுத்துகளைப் பற்றிய அறிவு முழுமை பெறத் தொடக்கப் பள்ளியின் மேல்வகுப்புகள் வரை ஆகிறது என்றே காட்டுகிறது. தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் குழந்தைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் எனப் பிரித்துக் கற்பிக்கும் அந்தச் சிறுமியின் ஆசிரியை, "கண்ணு துணைக்காலுக்குப் போறதுக்குள்ள வாய் முந்திக்குது சார்" என்றார். என் குறிப்பின் முதன்மையான பரிந்துரை அந்த வாக்கியத்திலிருந்தே பிறந்தது. அத்தகைய பள்ளி நாட்கள் ஆண்டு முழுவதிலும் ஆறே ஆறுதான் கிடைத்தன.

உதவித்தொகை மதுரைச் செலவுக்குப் போதுமானது. இரண்டு முறை தாமதமாக வந்தது.

தாராளமாக விண்ணப்பிக்கலாம். ஆனால் சேரும் முன்பே, மாதத்துக்கு எத்தனை நாள் பள்ளியில் இருக்கலாம் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.