மெழுகுக் கட்டிக்காகப் பத்து நாள்

இங்கிலாந்தின் ரெடிங்கிலிருந்து தஞ்சாவூருக்குப் பத்து நாள் லீவில் போனேன். அதில் ஏழு நாள், மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டான அத்தையின் பயாப்ஸி பிளாக்கைத் தேடியே போய்விட்டது.

வயிறு வீங்குகிறது என்று போன அத்தைக்கு, ஓவரியில் கட்டி என்று ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் செய்திருந்தார்கள். உள்ளே ஜவ்வரிசிக் கஞ்சி மாதிரி கோழையாக இருந்ததாம். ரிப்போர்ட்டில் ‘மியூசினஸ் கட்டி’, அதாவது கோழை சுரக்கும் கட்டி, என்று ஒரே வரி. எனக்குத் திக்கென்றது. என்னோடு வேலை பார்ப்பவர் ஒருவருக்கு இதே கோழை வயிறுதான். பேசிங்ஸ்டோக்கில் இதற்கென்றே இருக்கும் பிரிவில் ஆபரேஷன் நடந்தது. சூடோமிக்சோமா பெரிட்டோனி என்பார்கள். பத்து லட்சம் பேரில் வருஷத்துக்கு ஓரிருவருக்கு வரும் நோய். பெரும்பாலும் குடல்வாலில் ஆரம்பித்து வயிறெங்கும் பரவும். பெண்களுக்கு வந்தால் ஓவரிப் புற்று என்றே முதலில் நினைத்துவிடுவார்கள்.

சரி, சதையை வேறு இடத்தில் பார்க்கலாம் என்று பிளாக் கேட்டேன். “ரிப்போர்ட்தான் கொடுத்துட்டோமே சார், பிளாக் எதுக்கு?” என்றார் லேப் கவுண்டரில் இருந்தவர். சதையைச் சீவி, சாயம் ஏற்றித்தான் எந்த வகைக் கட்டி என்று பார்ப்பார்கள். ரிப்போர்ட்டுக்குச் சாயம் ஏற்ற முடியாதே! நான்கு நடை நடந்து, மனு எழுதிக் கொடுத்து, கடைசியில் எட்டு பிளாக்கை மாத்திரைக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். ரசீது கேட்டதற்கு முறைத்தார்.

வெயிலில் மெழுகு இளகிவிடுமோ என்ற பயத்தில் ராத்திரி பஸ்ஸிலேயே சென்னைக்குப் போனேன். அங்கே கதையே வேறு. நோய்க்குறியியல் டாக்டரம்மா என்னை உட்காரவைத்து விளக்கினார். சிகே20, சிடிஎக்ஸ்2, சாட்பி2 மூன்று புரதங்களும் சாயம் பிடித்திருந்தன; சிகே7 பிடிக்கவில்லை. இது குடல் வகைச் செல்களின் அடையாளம். அப்படியென்றால் ஆரம்பித்த இடம் ஓவரியாக இருக்க வாய்ப்பு குறைவு; பெரும்பாலும் குடல்வால்தான்.

அடுத்தது தரம், அதாவது செல்கள் எவ்வளவு மோசமாக மாறியிருக்கின்றன என்பது. 2016இல் வந்த வகைப்பாட்டின்படி நான்கு விதம்: செல்லே இல்லாத வெறும் கோழை, லோ கிரேடு, ஹை கிரேடு, மோதிர வடிவ செல்கள் கலந்தது. கடைசி வகைதான் மிக மோசம். அத்தையுடையது லோ கிரேடு. எத்தனை செல்கள் பெருகிக்கொண்டிருக்கின்றன என்று காட்டும் கேஐ-67 சாயமும் குறைவாகவே பிடித்திருந்தது. “அந்த நம்பரை மட்டும் வச்சு ஜோசியம் பாக்காதீங்க தம்பி. முதல்ல கிரேடு. அப்புறம் வயித்துல எவ்வளவு மிச்சமில்லாம எடுக்க முடியுதுங்கிறது” என்றார். கேஐ என்பது ஜெர்மனியின் கீல் நகரமாம். 67, அவர்கள் சோதனைத் தட்டில் இருந்த குழியின் எண். நான் என்னவோ பெரிய சூத்திரம் என்று நினைத்திருந்தேன்.

முதல் ஆபரேஷனில் குடல்வாலைத் தொடவே இல்லை. இனி சி.டி. எடுத்து, கோழையை வழித்தெடுத்துவிட்டு, வயிற்றுக்குள் சூடான கீமோ மருந்து ஓட்டும் ஹைபெக் சிகிச்சை பற்றி சர்ஜன் முடிவு சொல்வார்.

பிளாக்குகளை ரசீதோடு திரும்ப வாங்கி வந்தேன். அத்தை அவற்றை எவர்சில்வர் டப்பாவில் போட்டு, பீரோவில் நகைக்குப் பக்கத்தில் வைத்துப் பூட்டிவிட்டார்.