டி-76ஆ, ரோடினாலா? செங்கோட்டை வெக்கையில் ஒரு கறுப்பு-வெள்ளை ரோல்

வீட்டிலேயே கறுப்பு-வெள்ளை பிலிம் கழுவுகிறவர்களிடம் எந்த டெவலப்பர் (பிலிமில் பதிந்த படத்தை வெளிக்கொண்டுவரும் மருந்து) நல்லது என்று கேட்டால், பேச்சு பெரும்பாலும் கிரெயினை, அதாவது படத்தில் பொடிப்பொடியாகத் தெரியும் துகளைச் சுற்றியே வரும். டி-76 கிரெயினை மென்மையாக்கும், ரோடினால் கிரெயினை முரடாக்கினாலும் விளிம்புகளைக் கூர்மையாகக் காட்டும் என்பார்கள். இரண்டும் உண்மைதான். ஆனால் பங்குனி மாதத்தில் மாடித் தொட்டித் தண்ணீர் 32 டிகிரியில் குழாயில் இறங்கும், தென்காசிப் பக்கத்துச் செங்கோட்டை வீட்டில் அந்தக் கேள்விக்கு இரண்டாம் இடமே கிடைக்கிறது. கலக்கி வைத்த கரைசல் எத்தனை நாள் தாங்கும், கழுவும் நேரங்களுக்கு அடிப்படையான 20 டிகிரிக்கு அதை எப்படி இறக்குவது என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகே கிரெயினைப் பற்றிப் பேச முடிகிறது.

டி-76 என்பது 1920களில் கோடக் ஆய்வகத்தில் உருவான தூள் டெவலப்பர். ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம், இவற்றோடு 100 கிராம் சோடியம் சல்பைட் என்பது அதன் சூத்திரம். இல்ஃபோர்டின் ஐடி-11 ஏறத்தாழ இதேதான். அந்த 100 கிராம் சல்பைட்தான் வெள்ளித் துகள்களின் ஓரத்தைச் சற்றே கரைத்துக் கிரெயினை மழுங்கச் செய்கிறது. ரோடினாலோ 1891இல் ஜெர்மனியில் காப்புரிமை பெற்று, அக்பா நிறுவனம் விற்ற திரவம். பாரா அமினோஃபீனால் அடர்காரத்தில் கரைந்திருக்கும் அந்தக் கரைசலில் 6 மில்லி எடுத்து 300 மில்லியாக நீர்த்தால் ஒரு ரோலுக்குப் போதும். இப்போது வேறு வேறு பெயர்களிலும் அதே சரக்கு கிடைக்கிறது.

ஆயுள் என்று வந்தால் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். டி-76 தூளை 50 முதல் 55 டிகிரி வெந்நீரில் முழுப் பொட்டலமாகவே கலக்கியாக வேண்டும், ஏனெனில் பொட்டலத்துக்குள் பொருள்கள் சீராகக் கலந்திருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கலக்கிய கரைசல், கழுத்துவரை நிரம்பி இறுக மூடிய பாட்டிலில் ஆறு மாதமும், பாதி காலியான பாட்டிலில் இரண்டு மாதமும் தாங்கும் என்பது தயாரிப்பாளர் தரும் கணக்கு. இந்தக் கணக்கை நான் மதிக்கக் கற்றுக்கொண்டது ஒரு ரோலை இழந்துதான். மண்டல பூசைக் காலத்தில், கணவாய்க்கு அப்பால் கேரளத்திலுள்ள ஆரியங்காவு ஐயப்பனுக்கு நடக்கும் திருக்கல்யாணத்துக்கு, பெண் வீட்டாராக மதுரையிலிருந்து சௌராஷ்டிர சமூகத்தார் சீர்வரிசையோடு வருவது வழக்கம். அவர்களைக் கோயிலுக்கு வெளியே 36 படங்கள் எடுத்துவந்து, ஆவணியில் கலக்கிப் பாதி தீர்ந்திருந்த பாட்டிலை எடுத்துக் கழுவினேன். கரைசல் வெளிறிய தேநீர் நிறத்தில் இருந்ததைப் பார்த்தும் பார்க்காததுபோல் ஊற்றிய குற்றம் என்னுடையது. டேங்கிலிருந்து (பிலிமை இருட்டில் வைத்துக் கழுவும் மூடிய குவளை) வெளிவந்த பிலிமில் விளக்குகள் மட்டும் சாம்பல் புள்ளிகளாகத் தெரிந்தன, சம்பந்திகள் ஒருவரும் இல்லை. ரோடினால் பாட்டில் திறந்த பிறகு கறுத்துக் கஷாயம்போல் ஆனாலும் ஆண்டுக்கணக்கில் வேலை செய்கிறது. மாதம் ஒரு ரோல் எடுப்பவருக்கு 500 மில்லி பாட்டில் 80 ரோலுக்கு மேல் வரும் என்பதால், பாட்டில் தீர்வதற்குள் ஆசை தீர்ந்துவிடும் என்பதே அதிலுள்ள ஒரே ஆபத்து.

அடுத்தது வெப்பம். தென்காசியில் ஸ்டுடியோ நடத்தி ஓய்ந்த அண்ணாச்சி ஒருவர், பிலிம் பெட்டியில் அச்சிட்டிருந்த கழுவும் நேரத்தை நான் எழுதிக்கொண்டு போய்க் காட்டியபோது சிரித்துவிட்டார்: "பெட்டியில போட்டிருக்கது ஊட்டிக்காரனுக்குள்ள நேரம்லா தம்பி, நம்மூருக்குள்ளது இல்ல." 'இந்து' என்ற இந்தியத் தயாரிப்புப் பிலிம் உருவான ஊரே ஊட்டிதான் என்பதால் அவர் சொன்னதில் இரட்டைப் பொருத்தம். இல்ஃபோர்டின் எச்பி5 பிளஸ் பிலிமை அதன் 400 வேகத்தில் (ஐஎஸ்ஓ எனப்படும் ஒளியுணர்வு அளவு) எடுத்தால், டி-76 1+1 நீர்ப்பிலும் (ஒரு பங்கு மருந்துக்கு ஒரு பங்கு தண்ணீர்) ரோடினால் 1+50 நீர்ப்பிலும், 20 டிகிரியில் ஒரே 11 நிமிடந்தான். 24 டிகிரியில் அது எட்டு நிமிடத்துக்குச் சற்றுக் கீழே இறங்குகிறது. 30 டிகிரியில் நாலரை நிமிடமாகச் சுருங்கிவிடும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் ஊற்றவும் வடிக்கவும் ஆகும் நொடிகளே பெரிய பங்காகி, வானம் திட்டுத் திட்டாக வருகிறது. ரோடினாலை 1+25இல் நீர்த்தால் 20 டிகிரியிலேயே 6 நிமிடந்தான் என்பதால் கோடையில் அந்த நீர்ப்பை மறந்துவிடுவது நல்லது.

குளிர்விப்பதில் ரோடினால் ஒரு படி எளிது. முந்நூறு மில்லியில் ஆறு மில்லி மட்டுமே மருந்து, மற்றதெல்லாம் தண்ணீர் என்பதால், குளிர்பெட்டித் தண்ணீரையும் அறைத் தண்ணீரையும் கலந்து 20 டிகிரிக்குக் கொண்டுவந்து மருந்தை விட்டால் முடிந்தது. டி-76 1+1இல் பாதிப் பங்கு, அறை வெப்பத்தில் இருக்கும் மூலக் கரைசல். அது 30 டிகிரியில் இருந்தால், சேர்க்கும் தண்ணீர் 10 டிகிரியில் இருக்க வேண்டும். கணக்கு எளிதுதான், ஆனால் வெப்பமானியை இரண்டு குவளைகளுக்கிடையே மாற்றி மாற்றி முக்கிக்கொண்டிருக்கும்போது ஐஸ் தண்ணீர் காத்திருப்பதில்லை. எதுவானாலும் டேங்கை அதே வெப்பத்திலுள்ள தண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி வைக்காவிட்டால், நிமிடத்துக்கொரு முறை கவிழ்க்கும் கையின் சூடே கரைசலை ஏற்றிவிடும்.

இனி கிரெயினுக்கும் தொனிக்கும் வரலாம், அதற்கும் இந்த ஊரே அளவுகோல் தருகிறது. கணவாய்க்கு இப்புறம் புளியரை வயல்களில் வெயில் வெள்ளையாக அடிக்கும்போது, அப்புறம் ஆரியங்காவுக் காட்டுக்குள் மரநிழலும் மழைமூட்டமுமாக இருக்கும். தெளிந்த வெயிலில் 100 வேகப் பிலிமில் எடுத்த பாறை, பனந்தோப்பு, தெருச் சுவர் ஆகியவற்றுக்கு ரோடினாலின் கூர்மை மிகவும் பொருந்துகிறது. மெதுவான பிலிமில் அதன் கிரெயின் தொந்தரவாக இருப்பதில்லை. மாறாக, 400 வேகப் பிலிமில் எடுத்த முகங்களுக்கு, குறிப்பாக வியர்த்த கன்னத்தின் நடுச்சாம்பலுக்கு, டி-76 1+1 தரும் வழுவழுப்பை ரோடினால் தருவதில்லை. காட்டின் மங்கிய ஒளியில் 400 பிலிமை 1600 என்று கணக்கிட்டு எடுத்து, கழுவும் நேரத்தை நீட்டும்போது வேறுபாடு இன்னும் வெளிப்படை. டி-76ஐ நீர்க்காமல் பயன்படுத்தினால் நிழலில் ஏதோ மிஞ்சுகிறது, ரோடினாலில் நிழல் வெறும் கண்ணாடியாகவும் ஒளிப்பகுதி கரியாகவும் நெகட்டிவில் நிற்கிறது. தென்மலைக்கு அருகிலுள்ள பதின்மூன்று கண் ரயில் பாலத்தை மழைநாளில் இரண்டு ரோல்களில் எடுத்து, ஒவ்வொன்றை ஒவ்வொன்றில் கழுவிப் பார்த்தேன். கல் அடுக்கு ரோடினாலில் தொட்டுப் பார்க்கலாம்போல் வந்தது, ஆனால் வளைவுகளுக்கு அடியிலிருந்த புதரைக் காண டி-76 ரோலைத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ரோடினாலை 1+100 நீர்ப்பில் ஒரு மணி நேரம் ஆட்டாமல் அசைக்காமல் வைத்துவிட்டால் வெப்பம், நேரம் எதையும் பார்க்க வேண்டாம் என்று ஒரு முறையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். மருந்து தானாகவே தீர்ந்து ஓய்ந்துவிடும் என்பது அதன் தத்துவம். ஒரு ரோலுக்கு ஐந்து மில்லி மருந்தாவது வேண்டும் என்பதால் 500 மில்லி பிடிக்கும் டேங்க் தேவைப்படும். நம் கோடையில் இதை நான் நம்புவதில்லை. கரைசல் ஒரு மணி நேரத்தில் அறை வெப்பத்துக்கே ஏறி, பிலிம் முழுக்க மூட்டம் படிகிறது. பிலிமின் ஓரத் துளைகளிலிருந்து இறங்கும் கோடுகள் வானத்தில் கம்பி கட்டியதுபோல் விழுவதும் உண்டு.

இன்ஸ்டன்ட் காபித் தூள், சலவைச் சோடா, வைட்டமின் சி மூன்றையும் கலக்கும் கெஃபினால் என்ற மூன்றாவது வழியும் இருக்கிறது. படம் வரத்தான் செய்கிறது. ஆனால் லிட்டருக்கு 40 கிராம் காபித் தூளைக் காரத்தில் கரைக்கும்போது எழும் நாற்றத்துக்குப் பிறகு, வீட்டில் ஒரு வாரம் நல்ல காபி கேட்க முடியாது. ஒருமுறை வேடிக்கைக்குச் செய்யலாம்.

மற்றப் படிகள் இரண்டுக்கும் பொது. நிறுத்தக் கரைசலுக்கு நீர்த்த வினிகரும், அடுத்து, படத்தை ஒளியில் கெடாமல் நிலைநிறுத்தும் பிக்ஸரும் போதும். கடைசி அலசலில் மட்டும் ஆழ்துளைக் கிணற்று நீரைத் தவிர்க்க வேண்டும், அதன் உப்பு காய்ந்து நெகட்டிவில் வெள்ளைப் பொட்டுகளாக ஒட்டிக்கொள்ளும். பேட்டரிக் கடையில் கிடைக்கும் டிஸ்டில்ட் வாட்டர் ஒரு லிட்டர் மூன்று ரோலுக்கு வரும். ரோடினால் கடுங்காரம் என்பதாலும், மெட்டால் சிலர் தோலில் அரிப்பைக் கிளப்பும் என்பதாலும், எதை எடுத்தாலும் கையுறை போட்டாக வேண்டும்.

இப்போது என் அலமாரியில் இரண்டுக்கும் மாதம் பிரித்து இடம் கொடுத்திருக்கிறேன். ஆனியில் குற்றாலச் சாரல் இந்தப் பக்கம் வீசத் தொடங்கிக் குழாய்த் தண்ணீர் 25 டிகிரிக்கு இறங்கியதும் ஒரு லிட்டர் டி-76 பொட்டலத்தைக் கலக்கி, ஆறு சிறு பாட்டில்களில் கழுத்துவரை ஊற்றிவிடுகிறேன். ரோலுக்கு ஒரு பாட்டில் என்பதால் எதுவும் பாதி காலியாக நிற்பதில்லை. சீசன் கூட்டத்தின் முகங்களும் காட்டுப் படங்களும் அதில் கழுவப்பட்டு, புரட்டாசிக்குள் ஆறும் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்களுக்கெல்லாம் ரோடினால்தான், பங்குனி சித்திரையில் குளிர்பெட்டிக் கதவில் எப்போதும் இரண்டு பாட்டில் தண்ணீரோடு. ஆரியங்காவுத் திருக்கல்யாண ரோலுக்கு மட்டும் மார்கழியில் தனியாக ஒரு பொட்டலம் புதிதாகப் பிரிக்கிறேன்.