மாடர்ன் போட்டோகிராபியா, பாப்புலர் போட்டோகிராபியா?

அமெரிக்காவின் பழைய கேமரா பத்திரிகைகளை ஸ்கேனில் புரட்ட ஆரம்பித்தால் இந்தக் கேள்வி வந்தே தீரும். இரண்டும் 1937-ல் தொடங்கியவை, மாடர்ன் மட்டும் முதலில் மினிகேம் என்ற பெயரில் வந்துகொண்டிருந்தது.

என் ஓட்டு மாடர்னுக்கு. காரணம் அதன் லென்ஸ் அட்டவணை. ஒவ்வொரு அபெர்ச்சருக்கும் (ஒளி நுழைய லென்ஸ் திறக்கும் அளவு) ஒரு வரி, படத்தின் நடுவில் ஒரு மில்லிமீட்டருக்கு எத்தனை கோடுகள் பிரிந்து தெரிகின்றன (கூடினால் கூர்மை), ஓரத்தில் எத்தனை, அதற்கு என்ன மதிப்பீடு என்று வரிசையாக இருக்கும். அகலத் திறப்பான எஃப் 1.4-ல் ஓரத்தில் சொதப்பிவிட்டு, திறப்பைச் சுருக்கி எஃப் 8-க்கு வந்ததும் நிமிர்ந்து உட்காரும் லென்ஸை அந்த எண்களிலேயே பிடித்துவிடலாம். எழுதியவர் எவ்வளவு குழைந்து பாராட்டியிருந்தாலும் பக்கத்தில் இருக்கும் அட்டவணை காட்டிக்கொடுத்துவிடும்.

பாப்புலரின் பலம் படங்கள். புகைப்படக் கலைஞர் யூஜின் ஸ்மித் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரத்தை வருஷக்கணக்கில் எடுத்துவிட்டு, பெரிய பத்திரிகைகளோடு ஒத்துப்போகாமல், கடைசியில் அந்தப் படங்களைக் கொடுத்தது பாப்புலரின் 1959 ஆண்டு மலருக்குத்தான். (அந்த வடிவமைப்பும் அவருக்குத் திருப்தி தரவில்லை, அது வேறு கதை.)

சரி, ஜெயித்தது யார்? பாப்புலர். 1989-ல் மாடர்ன் நின்றுபோய் அதற்குள்ளேயே கரைந்தது. ஆனால் மாடர்னைப் பல வருஷம் தூக்கி நிறுத்திய ஹெர்பர்ட் கெப்லர் அதற்கு முன்பே 1987-ல் பாப்புலருக்குப் போய்விட்டார், அதனால் 90-களின் பாப்புலரில் சோதனைப் பக்கங்களைப் படிக்கும்போது பாதி மாடர்னைப் படிக்கிற மாதிரியே எனக்குத் தோன்றும்.

அப்புறம் இரண்டையும் தின்றது இணையம். பாப்புலரின் பின்பக்கங்களில் நியூயார்க் கடைகளின் தபால் வழி விற்பனை விளம்பரம், பூதக்கண்ணாடி கேட்கும் எழுத்தில் கேமரா பெயரும் விலையுமாக, பக்கம் பக்கமாக ஓடும். நிறைய பேர் பத்திரிகையைப் பின்னாலிருந்துதான் திறந்திருப்பார்கள் என்பது என் சந்தேகம். அச்சாகி வருவதற்குள் பழசாகிவிடும் அந்த விலைப்பட்டியலுக்கு இணையம் வந்த பிறகு என்ன வேலை? சோதனைகளையும் 1998-ல் லண்டனில் தொடங்கிய டிபிரிவ்யூ என்ற கேமரா விமர்சன இணையதளம் இலவசமாகவே கொடுத்தது. போதாக்குறைக்குப் போன் வேறு: 2010-ல் உலகெங்கும் சுமார் 12 கோடி டிஜிட்டல் கேமராக்களை அனுப்பிய நிறுவனங்கள் 2016-ல் அனுப்பியது ஏறக்குறைய 2.4 கோடி. வாங்க ஆளில்லாத பொருளுக்கு யார் விளம்பரம் கொடுப்பார்கள்? 2017 மார்ச்-ஏப்ரல் இதழோடு பாப்புலரின் அச்சுப் பதிப்பு முடிந்தது, 2021 கடைசியில் பெயர் மட்டும் இணையத்தில் திரும்பி வந்தது. வேடிக்கை என்னவென்றால், டிபிரிவ்யூவையே மூடப்போவதாக அதை வைத்திருந்த அமேசான் 2023-ல் அறிவித்து, வேறொரு நிறுவனம் வாங்கித்தான் அது பிழைத்தது.

பழைய பிலிம் லென்ஸ் வாங்கும் யோசனை இருந்தால் 70-களின் மாடர்னைத் தேடுங்கள், படம் பார்க்க 50-களின் பாப்புலர் ஆண்டு மலர்கள். 2010-க்குப் பிந்தைய மெலிந்த பாப்புலர் இதழ்களை எதிர்காலத்தில் யாராவது தேடிப் பிடித்துப் படிப்பார்களா, எனக்குத் தெரியவில்லை.